நாலாவது வெட்டு

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பழனிசாமி காலை எட்டு மணிக்கே இயந்திர ரம்பமும் கயிறுமாக வந்துவிட்டான். பக்கத்து வீட்டு டீச்சரின் மாமரத்தில் என் மொட்டை மாடிப் பக்கம் நீண்டிருந்த இரண்டு கிளைகளை எடுத்தாயிற்று. ஒவ்வொரு மழைக்கும் சருகு போய் மாடிக் குழாயை அடைத்துக்கொள்கிறது. நானே ஏறிக் குத்திவிட வேண்டியிருக்கிறது. அறுபத்துநாலு வயதில் இதெல்லாம் தேவையா?

டீச்சர் ஊரில் இல்லை. சேலத்தில் தங்கை வீட்டில் தங்கி ஏதோ வைத்தியம் பார்க்கிறாராம். பால்காரர் சொன்னார். என்ன வைத்தியம் என்று நான் கேட்கவில்லை. அவரோடு பேசி மூன்று வருடமாகிறது. பேச்சிருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெட்டியிருப்பேன்.

மாடியில் இப்போது நல்ல வெயில். துணி சீக்கிரம் காயும். ஓர் ஆளுக்கு எவ்வளவு துணி இருந்துவிடப் போகிறது!

ஆகஸ்ட் 20, புதன்

சமையலறை ஜன்னலைத் திறந்தால் வெட்டுப்பட்ட இடம் நேராகத் தெரிகிறது. வட்டமாக, வெளேரென்று. ஓரத்தில் பால் வடிந்து பட்டையில் கறுப்பாக இறங்கியிருக்கிறது. ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

ரசம் வைத்தேன். உப்பு அதிகம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஓசூரிலிருந்து யாழினி கூப்பிட்டாள். பிரஷர் மாத்திரை போட்டீர்களா, நடக்கப் போகிறீர்களா, இரண்டே கேள்வி. மகள் ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறாள்போல. மரம் வெட்டியதை நான் சொல்லவில்லை. பேச்சு வேறெங்கோ போய்க் கடைசியில் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். "சரிப்பா, வெச்சிடறேன்" என்றாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

முப்பத்துநாலு வருடம் மின்கம்பி வேலை பார்த்தவன் நான். லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றேன். பதிவேட்டில் தப்பாக எழுதினால் கம்பத்தில் ஏறுகிறவன் உயிர் போய்விடும். இந்த நோட்டிலும் சரியாகவே எழுத வேண்டும்.

கிளைகள் இரண்டு அல்ல, நாலு.

இரண்டு என் பக்கம் வந்தவை. மற்ற இரண்டும் முழுக்க டீச்சர் வாசலுக்குள், அங்கே கிடக்கும் சிமெண்ட் பெஞ்சுக்கு மேலே குடை மாதிரி நின்றவை. "அதையும் எடு" என்று நான்தான் சொன்னேன். பழனிசாமி ரம்பத்தை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தான்.

"ஏனுங்க சார், இது அவியளுதல்லங்க? டீச்சரம்மாகிட்டக் கேட்டுட்டீங்ளா?"

"கேக்காமயா சொல்றேன்? எடுடா!"

தெருவுக்கே கேட்டிருக்கும். அவன் வெட்டினான். அதில் ஒரு கிளை முறிந்து விழுந்து கீழே இருந்த நந்தியாவட்டைச் செடியைப் பாதியாகப் பிளந்துவிட்டது. நாலாவதைப் பின்பக்கமாக அறுத்துவிட்டு இறங்கி, கூலியை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் போனான்.

செப்டம்பர் 5, வெள்ளி

போனில் தேடி ஒரு மருந்து வரவழைத்தேன். மரத்தில் வெட்டின இடத்துக்கு அடிக்கிற ஸ்பிரே. பூச்சிக்கொல்லி டப்பா மாதிரிதான் இருக்கிறது. அழுத்தினால் தார்போல் கறுப்பாகப் பாய்ந்து, காய்ந்ததும் ரப்பர் தோலாகிவிடும் என்று போட்டிருக்கிறது. தண்ணீரும் பூச்சியும் உள்ளே போகாதாம்.

எனக்கு இது புரிகிற விஷயம். பூமிக்கடியில் கேபிளை இணைத்தால் அந்த இடத்தை ஈரம் புகாமல் மூடுவோம். ஒழுங்காக மூடிவிட்டால் இருபது வருடம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

டீச்சர் வீட்டு கேட்டுக்குப் பூட்டு இல்லை, கொக்கிதான். மூன்று வருடத்துக்குப் பிறகு உள்ளே காலை வைத்தேன். வாசல் முழுக்கச் சருகு. ஏணியைச் சாத்தி ஏறினேன்.

மூன்று வெட்டுக்கும் அடித்தேன். இரண்டு இரண்டு பூச்சு. நந்தியாவட்டையில் பிளந்த தண்டுகளைக் கத்தரியால் நறுக்கி அவற்றின் நுனிக்கும் அடித்தேன். பின்பக்கத்து நாலாவது வெட்டுக்குப் போனபோது டப்பா காற்றைத்தான் துப்பியது. ஏணியும் அங்கே எட்டவில்லை. விட்டுவிட்டேன்.

இறங்கி, கேட்டுக்கு வெளியே வந்து நின்று பார்த்தேன். வெள்ளை ஒன்றும் தெரியவில்லை. பழைய மரம், பழைய முண்டுகள், அவ்வளவுதான். யாரும் சட்டென்று கண்டுபிடிக்க முடியாது.

வந்த கையோடு சருகையும் கூட்டினேன்.

செப்டம்பர் 8, திங்கள்

ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைத்தேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

தினமும் சாயங்காலம் டீச்சர் வாசலைக் கூட்டி, செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறேன். ஆள் இல்லாத வீடு என்று தெரியக் கூடாது, திருட்டுப் பயம். அதனால்தான்.

சிமெண்ட் பெஞ்சில் இப்போது வெயில் அடிக்கிறது. நாலு மணிக்கு உட்கார்ந்தால் சுடுகிறது.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

யாழினி வருவதாக இருந்தது. மாப்பிள்ளைக்கு விடுப்பு கிடைக்கவில்லையாம். எதிர்வீட்டில் முறுக்கு கொடுத்தார்கள். வாங்கி வைத்துக்கொண்டேன்.

காலையிலிருந்து மழை. டீச்சர் வாசலுக்குப் போக வேலையில்லை. ஆனாலும் குடை பிடித்துக்கொண்டு போய் நின்றுவிட்டு வந்தேன்.

விசாலம் அந்தப் பெஞ்சில்தான் உட்காருவாள். நான் பணியில் இருந்த காலத்திலிருந்தே சாயங்காலம் ஆனால் என் வீட்டுக்காரி அங்கேதான். டீச்சர் விடைத்தாள் திருத்துவார், இவள் பூ கட்டுவாள். என்ன பேசுவார்கள் என்று நான் கேட்டதில்லை. பெண்கள் பேசுவது.

அவள் மார்பில் கட்டி இருந்தது டீச்சருக்கு எட்டு மாதம் தெரிந்திருந்தது. இரண்டு பேரும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறார்கள். நான் கேட்டால் கோயிலுக்கு என்பாள். எனக்குத் தெரிந்தது கடைசி ஐந்து வாரம்தான். அந்த ஐந்து வாரத்தில் ஆஸ்பத்திரியில் நான் போடாத சத்தமில்லை. டாக்டரிடம், நர்ஸிடம், லிப்ட் இயக்குகிறவரிடம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் டீச்சர் வீட்டுக்குப் போய், இனிமேல் என் வாசலை மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் மிதிக்கவே இல்லை.

முறுக்கு நமத்துவிட்டது.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை விட்டது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். பெரிய வெட்டில் கறுப்புத் தோல் கொப்புளம் மாதிரி எழும்பி நிற்கிறது. விரலால் அழுத்தினேன். ஓரத்தில் வெடித்து, பழுப்பாகத் தண்ணீர் கையில் வழிந்தது. புளித்த நாற்றம். உள்ளே எறும்பு.

அப்புறம் வரவழைத்த இன்னொரு டப்பா கைவசம் இருந்தது. துடைத்துவிட்டு மேலேயே அடித்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

அந்த வெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சிறு கிளையில் இலைகள் நுனியிலிருந்து கருகுகின்றன. கருகின இலை உதிராமல் தொங்குகிறது.

மூன்றாவது முறை அடித்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

நந்தியாவட்டையில் ஸ்பிரே அடித்த இரண்டு தண்டு அடிவரைக்கும் காய்ந்துவிட்டது. அடிக்காமல் விட்ட தண்டுகளில் துளிர்.

எனக்கு எதுவும் பிடிபடவில்லை. மரம் செத்தால் டீச்சர் வந்து எதைப் பார்ப்பார்?

நவம்பர் 9, ஞாயிறு

பஸ் பிடித்து வடவள்ளி போனேன். அங்கே மெஹருன்னிசா என்று ஒரு பெண்மணி நாற்றுப்பண்ணை நடத்துகிறார். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். தோட்டக்கலை படித்தவராம். சொன்னேன். என் மரம் என்றுதான் சொன்னேன். போனில் எடுத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நேர்ல பாக்கணுங்க. நாளைக்குக் காலைல வரட்டுங்ளா?"

எனக்காக ஒருவர் வருகிறேன் என்று சொல்லி எத்தனை நாளாயிற்று!

நவம்பர் 10, திங்கள்

வந்தார். என்னை ஏணியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு அவரே ஏறினார். ஒரு சின்னக் கத்தியால் கறுப்புத் தோலை ஓரத்தில் நெம்பியதும் அது முழுசாக உரிந்து வந்தது. அடியில் மரம் ஈரமாக, பஞ்சு மாதிரி. கத்தி முனை அரை விரல் உள்ளே போயிற்று.

"யாருங்க இத அடிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. மூடிட்டா நல்லதுன்னு நெனச்சேன்."

"மரம் காயத்த மூடறது வேற மாதிரிங்க. கெட்ட பக்கத்த உள்ளயே தடுப்புக் கட்டி ஒதுக்கிரும். ஓரத்துலருந்து புதுசா வளந்து மேல மூடிக்கும். அதுக்குக் காத்து வேணும், காயணும். நீங்க ஈரத்த உள்ள வெச்சுத் தெச்சுட்டீங்க. தோப்புல மழைக்காலத்துல தாமிரப் பசை பூசுவாங்க, அது பூஞ்சைக்கு. இப்பிடித் தார் மாதிரி மூடறது இல்லீங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. டப்பாவில் போட்டிருக்கிறதே, காசு கொடுத்து வாங்கினேனே என்று குரலை உயர்த்தினேன். அவர் ஏணியில் நின்றபடி கீழே பார்த்தார்.

"சார், ஏணியப் புடிங்க. ஆடுது."

பிடித்துக்கொண்டேன்.

பிறகு அவர் பின்பக்கம் போய் நாலாவது வெட்டைப் பார்த்தார். "இதுக்கு ஏன் அடிக்கல?" என்று கேட்டார். டப்பா தீர்ந்துபோனதைச் சொன்னேன். சிரித்துவிட்டு என்னையும் சுவர்மேல் ஏறிப் பார்க்கச் சொன்னார். வெட்டு காய்ந்து சாம்பல் நிறமாக இருந்தது. அதைச் சுற்றி விரல் பருமனில் ஒரு வளையம், உதடு மாதிரி, பச்சையும் பழுப்புமாகத் திரண்டு நிற்கிறது. தொட்டுப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. நான் ஒன்றும் செய்யாத இடம் அது ஒன்றுதான்.

பெரிய வெட்டில் பழனிசாமி ஒரு முழம் முண்டு விட்டிருந்தான். அழுகல் அதில்தான். கிளை தண்டோடு சேரும் இடத்தில் பட்டை மடிப்பாகப் புடைத்திருக்கும், அதற்கு வெளியே ஒட்டி அறுக்க வேண்டும் என்று காட்டி, கைரம்பத்தால் அவரே அறுத்தார். கருகின சிறு கிளை பிழைக்காது என்று அதையும் எடுத்தார். மற்ற இரண்டு வெட்டிலும் தோல் தளர்ந்த இடத்தை மட்டும் உரித்துவிட்டு மீதியை விடச் சொன்னார்.

"இனி?"

"இனி ஒண்ணும் பண்ணாதீங்க."

"ஒண்ணுமேவா?"

"தெனமும் வந்து பாருங்க. பாக்கறதுக்கு மரம் ஒண்ணும் சொல்லாது."

போகும்போது கேட்டில் நின்று, "பெயர்ப் பலகைல பூங்கோதைன்னு போட்டிருக்குங்களே, உங்க வீட்டம்மாங்ளா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அது பக்கத்து வீட்டு டீச்சரின் பெயர் என்று சொல்லவில்லை.

நவம்பர் 11 முதல் 30 வரை

தினமும் பார்க்கிறேன். ஒன்றும் செய்யவில்லை. இதைவிடக் கஷ்டமான வேலை நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

டீச்சர் வந்துவிட்டார்.

பதினோரு மணிக்கு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கார் வந்து நின்றது. இறங்கியவரை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. பாதியாகக் குறைந்திருந்தார். தலையில் பருத்தித் துணி சுற்றியிருந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் என்ன வைத்தியம் என்று தெரிந்துவிட்டது. விசாலம் கடைசியில் அப்படித்தான் சுற்றியிருந்தாள்.

தங்கை பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். டீச்சர் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் துடைப்பத்தோடு நின்றேன்.

"எத்தன கிளை?"

"ரெண்டு... நாலு."

"அஞ்சு இருக்குது."

"ஒண்ணு அப்புறம் எடுத்தது. கருகிப் போச்சு. என்னாலதான்."

அவர் பெஞ்சு வரைக்கும் நடந்து போய் உட்கார்ந்தார். பாதி வெயில், பாதி நிழல். ஸ்பிரே அடித்தது, அழுகினது, நாற்றுப்பண்ணைப் பெண்மணி வந்தது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

"மரத்துக்குத்தான் மன்னிப்பா, நஞ்சப்பண்ணா?"

அதுவரைக்கும் சரியாகத்தான் இருந்தேன். அந்தக் கேள்வியில் என்னவோ அறுந்துவிட்டது. எட்டு மாதம் என்று கத்தினேன். எட்டு மாதம் உங்களுக்குத் தெரியும், எனக்குச் சொல்லவில்லை, அவள் புருஷன் நான், சொல்லியிருந்தால் சென்னைக்குக் கூட்டிப்போயிருப்பேன், எங்கேயாவது கூட்டிப்போயிருப்பேன் என்று கத்தினேன். தங்கை பதறி வெளியே ஓடி வந்தார். டீச்சர் கையைக் காட்டி அவரை உள்ளே அனுப்பினார். வகுப்பில் பிள்ளைகள் அடங்குகிற வரை காத்திருக்கிற மாதிரி காத்திருந்தார். நான் ஓய்ந்தேன்.

"உங்ககிட்டச் சொல்லச் சொல்லி நான் வாரா வாரம் சண்ட போட்டேன். மூணு தடவ சொல்ல வந்தாங்க. ஒரு தடவ நீங்க ட்ரான்ஸ்பார்மர் போச்சுன்னு போன்ல யாரையோ கத்திட்டிருந்தீங்க. ஒரு தடவ சாம்பாருக்கு. இன்னொண்ணு எனக்கு ஞாபகமில்ல."

துடைப்பத்தை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"அவரு பயந்துக்குவாரு டீச்சர்னாங்க. பயந்தா அவருக்குக் கத்தத்தான் தெரியும். அதக் கேக்கற தெம்பு எனக்கு இப்ப இல்ல, கொஞ்ச நாள் போகட்டும்னாங்க. எப்பவும் கொஞ்ச நாள் போகட்டும்தான்."

"என்னையத் திட்டுவாளா?"

"ஒருநாளும் திட்டல. அதான் எனக்குக் கோபம்."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். களைத்திருந்தார். "நான் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன். பண்ணியிருக்கக் கூடாது. அது என் தப்பு. மூணு வருஷமா அதச் சொல்லணும்னு இருக்கேன். வாசல மிதிக்காதேன்னுட்டீங்க."

துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 13, சனி

எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு அவள் எந்த இடத்தில் நின்று சொல்ல வந்திருப்பாள் என்று யோசித்தேன். அடுப்படியா, வாசற்படியா. சாம்பார் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. புளி அதிகம் என்று தட்டைத் தள்ளினேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள்.

அந்த நாளில் வேறொன்றும் ஞாபகமில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

யாழினியைக் கூப்பிட்டேன். "அம்மா என்னைப் பாத்துப் பயந்தாளா?" என்று கேட்டேன். லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"நானுந்தாம்ப்பா" என்றாள்.

டிசம்பர் 27, சனி

டீச்சர் வாசலைக் கூட்டப் போவதை நிறுத்தவில்லை. அவர் ஜன்னலுக்குள்ளிருந்து பார்ப்பார். பேசுவதில்லை. இன்று ஒரு டம்ளர் மோர் ஜன்னல் விளிம்பில் இருந்தது. குடித்துவிட்டுக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

மரத்தில் மூன்று வெட்டில் வளையம் தெரிகிறது. மற்ற இரண்டில் இன்னும் இல்லை. மேற்குப் பக்கம் மொட்டையாக, மரம் ஒருச்சாய்ந்த மாதிரி நிற்கிறது. இனி அப்படித்தான் நிற்கும்.

ஜனவரி 6, செவ்வாய்

டீச்சரின் ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஊருக்குத் திரும்பிப் போன டீச்சரின் தங்கை சேலத்தில் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டிருக்கிறார். இன்றைக்கு டீச்சருக்கு ஸ்கேன், துணைக்கு ஆளில்லை. நேற்றுக் கூட்டிக்கொண்டிருந்தபோது டீச்சர் ஜன்னலில் வந்து சொன்னார். நான் வரட்டுமா என்று கேட்டேன்.

"கத்தாம இருப்பீங்களா?"

"முயற்சி பண்றேன்."

"முயற்சி எல்லாம் மார்க்குக்கு ஆகாது" என்றார். ஆனால் காலை ஏழரைக்குத் தயாராக நின்றார்.

எட்டரைக்கு டோக்கன் வாங்கினோம். ஒன்பதரைக்கு உள்ளே போனார். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று நர்ஸ் கேட்டாள். பக்கத்து வீடு என்றேன். எழுதிக்கொண்டாள். டீச்சர் வெளியே வந்ததும், பதினொன்றுக்கு ரிப்போர்ட் தருவதாகச் சொன்னார்கள். பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. இயந்திரம் பழுது, இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். பக்கத்தில் ஒருவர் எழுந்து கவுண்ட்டர் கண்ணாடியைத் தட்டிக் கத்த ஆரம்பித்தார். என்னைவிட இளையவர், சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தார். அவர் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவே இல்லை.

எனக்கும் நெஞ்சிலிருந்து ஏறிக்கொண்டுதான் இருந்தது. காது சூடாகிவிட்டது. கவுண்ட்டரை நோக்கி இரண்டடி வைத்தும்விட்டேன். நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி என்ன சொல்ல வேண்டும் என்பதுகூட வாயில் தயாராக இருந்தது.

திரும்பி வந்து டீச்சர் முன்னால் நின்றேன்.

"எனக்குப் பயமா இருக்குதுங்க டீச்சர்."

மெதுவாகத்தான் சொன்னேன். இத்தனை வயதில் இந்த வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

டீச்சர் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்தார்.

"எனக்குந்தான். உக்காருங்க."

உட்கார்ந்தேன்.